நாலு மணி இரைச்சல்

முத்தையாபுரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஆபீஸ் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அருணாசலவடிவு மடியில் இருந்த டிஜிட்டல் ரிசீவரின் ஏரியலை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். செய்தி வாசிப்பவரின் குரல் பின் சீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக வந்தது. கார் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உயரழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் போனதும் குரல் அறுந்தது. இரைச்சலோ முனகலோ எதுவும் இல்லை. சுத்தமான மௌனம்.

"செட்டு ரிப்பேரா மேடம்?" என்றார் டிரைவர் செந்தில்வேல்.

"செட்டு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. டிஜிட்டல்னா இப்படித்தான். வந்தா முழுசா வரும், இல்லைன்னா ஒண்ணுமே வராது."

வடிவு வானொலி நிலையத்தில் உதவிப் பொறியாளர். டிரான்ஸ்மிட்டர் அவள் பொறுப்பு. அந்த வருடம் நிலையம் மீடியம் வேவில் டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. பகல் முழுக்கப் பழைய அலையும் டிஜிட்டல் அலையும் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்தே போகும். டிரான்ஸ்மிட்டரின் சக்தி இரண்டாகப் பிரிந்ததால் பழைய ரேடியோக்களில் குரல் மெலிந்துபோய், பின்னால் எண்ணெய்ச் சட்டி பொரிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மாலை நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை நிலைமை இன்னும் மோசம். அந்த ஒரு மணி நேரம் முழுச் சக்தியும் டிஜிட்டலுக்கே. பழைய ரேடியோவை யார் திருப்பினாலும் மடையில் தண்ணீர் விழுவதுபோல் ஒரே இரைச்சல். மேலிடத்து உத்தரவு.

புதிய ரேடியோ யாரிடம் இருந்தது? விலை உயர்ந்த சில கார்களில் இருந்தது. வடிவின் மடியில் ஒன்று இருந்தது. தூத்துக்குடிக் கடைகளில் கேட்டால், "அப்படி ஒரு செட்டா? ப்ளூடூத் ஸ்பீக்கர் தரட்டுமா?" என்றார்கள்.

ஏரலுக்குப் பக்கத்து வயல்கிராமத்தில் இருக்கும் வடிவின் அம்மாவே வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்து திட்டினாள். "ஏளா, நீ அங்கன இன்ஜினீயரா இருந்து என்னத்துக்கு? நாலு மணிக்கு ரேடியோவத் தொட்டாலே பேய் மாதிரி இரையுது. நீ வேலைக்குச் சேந்த பொறவுதான் ரேடியோ கெட்டுப் போச்சுன்னு ஊருல சொல்லுதாவ." விளக்கிச் சொல்ல வடிவு பல தடவை முயன்றாள். அம்மா கடைசியில் ஒரே கேள்வி கேட்பாள். "சரி, எப்போ சரியாக்குவ?"

ஊர் ஊராகப் போய் டிஜிட்டல் அலை எப்படிக் கிடைக்கிறது என்று அளந்து வரச்சொல்லி நிலையத் தலைவர் நேசக்குமார் அவளை அனுப்பியிருந்தார். கிளம்பும்போதே சொல்லிவிட்டார். "வடிவு, டிஜிட்டல் எப்படி வருதுன்னு மட்டும் பாருங்க. பழைய செட்டுல எப்படி கேக்குதுன்னு நம்மகிட்ட யாரும் கேக்கல. கேக்காததை எழுதி வைக்காதீங்க."

கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அது வரை மேலிடத்திலிருந்து ஒரு கேள்வியும் வரக்கூடாது என்று இருந்தார். அவ்வளவுதான்.

முத்தையாபுரத்தை முடித்துக்கொண்டு மாப்பிள்ளையூரணி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனார்கள். கீழவைப்பாரில் கார் நின்றபோது மணி நாலு ஆகிக்கொண்டிருந்தது. ஆட்கள் குறைவாக இருந்த கரையில் நாலைந்து பைபர் வள்ளங்கள் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. கடல் தட்டையாகக் கிடந்தது. கார்த்திகை மாதத்து வெயில் வெளுத்துப்போயிருந்தது. நண்டு தரம்பிரிக்கும் கொட்டகையிலிருந்து ஒருத்தி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, காரில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தபடி வந்தாள்.

"நீங்க ரேடியோ ஆபீஸா?"

"ஆமாம்மா."

"நல்லா வந்தீய. உங்கள எங்கன போய்ப் பாக்கன்னு இருந்தேன்." சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் ஓடி, ஒரு சிறிய கறுப்பு டிரான்சிஸ்டரோடு திரும்பினாள். அதைத் திருகினாள். மடைச் சத்தம் பெரிதாகக் கொட்டியது. "இதுக்குப் பேரு என்ன மேடம்? புரோகிராமா?"

அவள் பெயர் விஜிலா. அவள் கணவன் ஆன்டனி வள்ளத்தில் நண்டு வலைக்குப் போகிறவன். வலையைப் போட்டுவிட்டு இரவு கடலிலேயே தங்கி, காலையில் வலையை இழுத்துக்கொண்டு வருவான். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே செல்போன் செத்துவிடும். பெரிய விசைப்படகுகளில் வயர்லெஸ் உண்டு. வள்ளத்தில் அதெல்லாம் இல்லை. அங்கே இருப்பது ரேடியோ மட்டும். நாலரை மணிக்கு வாசிக்கும் கடல் வானிலையைக் கேட்டுவிட்டுத்தான் தங்குவதா திரும்புவதா என்று முடிவெடுப்பார்கள்.

"முதல்ல செட்டு கெட்டுப் போச்சுன்னு நெனச்சோம்" என்றாள் விஜிலா. "வேம்பாருக்குக் கொண்டுபோய் ரிப்பேர் பாத்தோம். சரியாயிட்டுன்னு குடுத்தான். அன்னைக்குச் சாயங்காலமே பழையபடி இரைஞ்சுது. மறுபடியும் கொண்டுபோனோம். அவன் காயிலை மாத்துனான், ஸ்பீக்கரை மாத்துனான். நாங்க போறது காலைல, அப்போ நல்லாப் பாடும். அப்புறம் புது செட்டு வாங்குனோம். இதுதான் அந்தப் புதுசு. இதுவும் இரையுது. எங்க வீட்டுக்காரர் அந்த ரிப்பேர்காரனை அடிக்கப் போயிட்டார். செட்டுமேல தப்பே இல்லையா மேடம்?"

"இல்லைம்மா."

"பொறவு இத யாராவது வந்து சொல்ல வேண்டாமா?"

ரேடியோவில் அறிவிப்பு சொன்னார்கள் என்று சொல்ல வந்த வடிவு வாயை மூடிக்கொண்டாள். அந்த அறிவிப்பும் நாலு மணி நிகழ்ச்சிக்கு நடுவில்தான் வாசிக்கப்பட்டது. டிஜிட்டலில்.

"புது மாதிரி செட்டு ஒண்ணு இருக்கு. அதுல நல்லாக் கேக்கும்" என்று ரிசீவரைக் காட்டினாள். தன் குரல் தனக்கே சகிக்கவில்லை.

"இது எங்கன கிடைக்கும்?"

"ஆன்லைன்ல... இங்க கடையில வராது. விலையும் சாஸ்தி."

விஜிலா அவளையே பார்த்தாள். "சரிதான்" என்றாள்.

அப்போதுதான் ரிசீவரில் வானிலை தொடங்கியது. அறிவிப்பாளர் முருகேஸ்வரியின் குரல். மூச்சு இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. குமரிக் கடலில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்கிறது. மன்னார் வளைகுடாவில் நாளை இரவு வரும் என்று சொல்லப்பட்ட பலத்த காற்று இன்று இரவே வீசும். கடலுக்குள் இருக்கும் மீனவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும்.

ஒரு சொல்லும் தப்பவில்லை. அத்தனை அழகாக ஒரு வானிலை அறிக்கையை வடிவு அதுவரை கேட்டதில்லை. அந்தக் கடற்கரை முழுவதிலும் அதைக் கேட்ட காதுகள் இந்தக் காருக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்திருக்கும்.

விஜிலா போனை எடுத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அழைத்தாள். அதே குரல். கொட்டகையிலிருந்த பெண்கள் வெளியே வந்தார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பெயர். அண்ணன், மகன், மச்சான். எல்லாரும் எல்லைக்கு வெளியே.

"காலைல நாளைக்குத்தான் காத்துன்னு சொன்னாவளே! அதை நம்பித்தான போனாவ!" என்று ஒருத்தி கத்தினாள்.

வடிவு காரை விட்டு இறங்கி நேசக்குமாரை அழைத்தாள்.

"சார், நான் கீழவைப்பார்ல இருக்கேன். இப்போ வாசிச்ச புயல் எச்சரிக்கை கடல்ல ஒருத்தருக்கும் கேட்டிருக்காது சார். டிரான்ஸ்மிட்டரைப் பழைய மோடுக்கு மாத்தி, எச்சரிக்கையை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷம் போதும்."

"டிஜிட்டல் நேரத்துல மாத்தவா? வடிவு, மேலேருந்து மானிட்டர் பண்ணிக்கிட்டே இருக்காங்க. கட் ஆச்சுன்னா முதல் போன் எனக்குத்தான் வரும்."

"வந்தா சொல்லுங்க சார், எச்சரிக்கைக்காக மாத்துனோம்னு."

"எந்த ஆர்டர்ல? எழுத்துல காட்டுங்க. நான் இப்போ மெயில் போடுதேன். பதில் வந்ததும் மாத்துவோம்."

"பதில் எப்போ வரும் சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு வந்துரும்."

"சார், காத்து இன்னைக்கு!"

"ஏன் சத்தம் போடுதீங்க? அஞ்சு மணிக்கு எல்லாம் பழையபடி ஆயிரும்லா. அஞ்சு மணி நியூஸ்ல வாசிக்கச் சொல்லுதேன்."

"அஞ்சு மணிக்குச் சக்தி பாதிதான் சார். அவ்வளவு தூரத்துக்கு ஒழுங்கா எட்டாது. அதுக்கு மேல திரும்புனா வழியிலேயே இருட்டிரும். அவங்க வலையைப் போட்டு நங்கூரத்தைப் போட்டுருவாங்க."

"ஃபிஷரீஸ் டிபார்ட்மென்ட் இருக்கு, கோஸ்ட் கார்டு இருக்கு. நம்ம வேலை ஒலிபரப்புறது. ஒலிபரப்பியாச்சு." வைத்துவிட்டார்.

ஒலிபரப்பியாச்சு! வடிவுக்குக் காதெல்லாம் சூடாகியது. அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் இன்னும் எரிந்தது. மீன்வளத்துறை எண்ணை செந்தில்வேல் தேடிப் பிடித்துக் கொடுத்தார். அங்கே எடுத்தவர், எல்லா ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாயிற்று என்றார். கரையில் இருந்த ஒவ்வொரு போனிலும் அந்தச் செய்தி டிங் டிங் என்று வந்து விழுந்தது.

டிரான்ஸ்மிட்டரில் அப்போது பணியில் இருந்தவள் இல்மா. காயல்பட்டினத்துப் பெண். ஒப்பந்த வேலை. வடிவு அவளை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அல்லாவே!" என்றாள் இல்மா. பிறகு, "சார் என்ன சொன்னாங்க அக்கா?"

"நாளைக்குன்னு சொல்லுதாரு."

இல்மா குரலைத் தாழ்த்தினாள்.

"எழுதித் தராம மாத்துனா என்னைய ஒரு நிமிஷத்துல அனுப்பிருவாங்க அக்கா. நீங்க பெர்மனன்ட். நான் அப்படியா?"

"நான் எழுதித் தாரேன். டிரான்ஸ்மிட்டர் பொறுப்பு அதிகாரி அருணாசலவடிவு சொல்லி மாத்துனதுன்னு இப்பவே வாட்ஸ்அப்ல போடுதேன். யாரு கேட்டாலும் அதைக் காட்டு."

"அதுக்கு உங்களுக்குப் பவர் இருக்கா?"

"தெரியல, இல்மா."

தெரியவில்லைதான். அப்படி ஒரு மாலை நேரத்தில் யார் என்ன செய்யலாம் என்று எந்த விதியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. வடிவு தட்டச்சு செய்து அனுப்பினாள். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. அடுத்து ஸ்டூடியோவுக்குப் போன் போட்டாள். முருகேஸ்வரி ஒரு நேர்காணலின் நடுவில் இருப்பதாகச் சொன்னார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தாள். போனில் நிலையத்தின் முகப்பு இசை ஓடியது. போனை வீசி எறிந்துவிடலாம் போலிருந்தது.

முருகேஸ்வரி வந்ததும் மூச்சு விடாமல் சொன்னாள். "டிரான்ஸ்மிட்டர் மாறினதும் இல்மா உனக்குச் சொல்லுவா. எச்சரிக்கையைத் திரும்ப வாசி. மெதுவா வாசி. ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை."

"இன்னைக்கு வாசிக்க வேண்டிய கியூ ஷீட்ல அது இல்லையே மேடம்."

"முருகேஸ்வரி, உனக்குக் கால்ல விழணுமா?"

"ஐயோ, வாசிக்கேன் மேடம்."

கடல் மேல் தெற்கே ஒரு கறுப்புக் கோடு ஏறியிருந்தது. விஜிலா டிரான்சிஸ்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து மடைச் சத்தம் கொட்டிக்கொண்டே இருந்தது.

சட்டென்று இரைச்சல் நின்றது. அதே கணம் காரில் இருந்த டிஜிட்டல் ரிசீவரும் ஊமையானது.

"போச்சா?" என்றாள் விஜிலா.

"இரு."

இருந்தார்கள். டிரான்ஸ்மிட்டரை இறக்கி, மாற்றி, மறுபடி ஏற்ற நேரம் பிடிக்கும் என்று வடிவுக்குத் தெரியும். ஆனாலும் ஏறாமல் போனால்? பழைய இயந்திரம். ஒருமுறை அப்படி நின்றுபோய் விடியும் வரை எழுந்திருக்கவில்லை.

டிரான்சிஸ்டரில் ஒரு ரீங்காரம். பிறகு முருகேஸ்வரியின் குரல், கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் கொட்டகைச் சுவர் அதிரும் அளவுக்குப் பலமாக வந்தது. மன்னார் வளைகுடா. இன்று இரவே. உடனே கரை திரும்பவும். ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை. கொட்டகைப் பெண்களில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வடிவின் போன் அடித்தது. நேசக்குமார். அவள் எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. எச்சரிக்கை முழுதாக ஒரு சுற்று முடிந்து, இரண்டாவது சுற்று பாதியில் இருக்கும்போது டிரான்சிஸ்டர் அமைதியானது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மடைச் சத்தம். நேசக்குமார் நேராக இல்மாவைக் கூப்பிட்டிருக்கிறார் என்று புரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் விஜிலா.

"இவ்வளவுதான் முடிஞ்சுது."

அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. செந்தில்வேல், "கிளம்பலாமா மேடம்?" என்று கேட்டார். வடிவு தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. கறுப்புக் கோடு பாதி வானத்துக்கு வந்தது. காற்று முதலில் மணலைத் தொட்டுப் பார்த்தது, பிறகு கொட்டகைத் தகரத்தைத் தட்டியது. ஐந்தரை மணி வாக்கில் முதல் வள்ளம் தெரிந்தது. அதற்குப் பின்னால் இரண்டு. இருட்டுகிற நேரத்தில் அலை ஆளுயரத்துக்கு எழும்பத் தொடங்கியபோது ஆன்டனியின் வள்ளம் வந்தது. பத்துப் பேர் தண்ணீரில் இறங்கி அதைக் கரைக்கு இழுத்தார்கள்.

விஜிலா நனைந்த சேலையோடு புருஷனைப் பிடித்துக்கொண்டு, "ரேடியோ கேட்டீகளா? இந்த மேடம்தான் போட வச்சாவ" என்றாள்.

ஆன்டனி வடிவைப் பார்த்தான். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "நான் கேக்கல" என்றான். "நாலு மணிக்கு அது இரையத்தான் செய்யும்னு இப்பல்லாம் அணைச்சு வச்சிருவேன். பக்கத்து வள்ளத்துக்காரன் வலையை அறுத்துட்டுத் திரும்புறதப் பாத்தேன். இவன் சும்மா வலையை விடமாட்டானேன்னு நானும் திருப்புனேன். அவன் எதுக்கோ செட்ட அணைக்க மறந்துருக்கான்."

"வலை?"

"வலை போச்சு. அவ்வளவும் போச்சு." சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தான். கொஞ்சம் கழித்து, "ரேடியோன்னா கேக்கணும்லா மேடம்?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று கீழவைப்பாரில் ஆள் நஷ்டம் இல்லை. ஒரு வள்ளம் மட்டும் திரும்பவில்லை. அதிலிருந்த இரண்டு பேரும் மறுநாள் வேம்பாருக்கு வடக்கே கரை ஒதுங்கியிருந்தார்கள். ஒருவனுக்குக் கை முறிந்திருந்தது.

அடுத்த நாள் நேசக்குமார் வடிவையும் இல்மாவையும் அறைக்குக் கூப்பிட்டார். முகம் சரியாகத் தூங்காத முகம்.

"மேலேருந்து கேட்டாங்க. டிரான்ஸ்மிட்டர்ல திடீர்க் கோளாறு, உடனே சரி பண்ணியாச்சுன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அதையே சொல்லணும்."

"கோளாறு இல்லையே சார்" என்றாள் வடிவு. "எச்சரிக்கைக்காக நான் மாத்தச் சொன்னேன். அது சரியா தப்பான்னு அவங்களே சொல்லட்டும். அப்பத்தான் அடுத்த தடவை என்ன செய்யணும்னு ஒரு வழி பிறக்கும்."

"அப்படியா? சரி. நீங்க சொல்லுத மாதிரியே சொல்லுதேன். உங்களுக்கு ஒரு மெமோ வரும், நீங்க பதில் எழுதி முடிச்சிருவீங்க. இந்தப் பிள்ளைக்கு?"

இல்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாப்பா இறந்த பிறகு வீடு இந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. வடிவு பேச வாயெடுத்தாள். கத்த வேண்டும்போல் இருந்தது, அழ வேண்டும்போலும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "கோளாறுன்னே இருக்கட்டும் சார்" என்றாள். "ஆனா கடல் வானிலையை நாலு மணி டிஜிட்டல் நேரத்துலேருந்து வெளிய எடுங்க. அது உங்க கையிலதான இருக்கு?"

"எடுக்கேன்" என்றார் அவர். உண்மையாகவே எடுத்தார். அந்த மாதம் முடிவதற்குள் கடல் வானிலை மூன்றே முக்கால் மணிக்கு மாறியது. பழைய ரேடியோவிலும் கேட்கும் நேரம். விஜிலா போன் செய்து, "இப்போ கேக்குது மேடம்" என்றாள். வடிவுக்கு அன்று முழுக்க நடையே லேசாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஒரு நாள் மாலை கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தபோது மூன்றே முக்கால் வானிலையைக் கவனித்துக் கேட்டாள். காலையில் கேட்ட அதே வரிகள். காற்றின் வேகம்கூட மாறவில்லை. ஸ்டூடியோவுக்குப் போன் போட்டாள்.

"முருகேஸ்வரி, இது காலைல வந்ததுல்லா?"

"ஆமா மேடம். வானிலை ஆபீஸ்லேருந்து புது அறிக்கை நாலு மணிக்கு மேலதான் வரும். முன்னால நாலரைக்குப் புதுசா வாசிப்போம். இப்போ மூணே முக்காலுக்கு வேற என்னத்த வாசிக்க?"

"புதுசு வந்ததும்?"

"நாலரைக்கு அதையும் வாசிக்கேன் மேடம். ஆனா அது டிஜிட்டல் நேரம்தான, பழைய செட்டுல கேக்காது."

வடிவு போனை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்மிட்டரின் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இல்மா திரும்பிப் பார்த்து, "என்ன அக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ இரு." வடிவு எழுந்து தாழ்வாரத்தில் நடந்தாள். நேசக்குமாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் இருந்த உதவியாளர், சார் பேசிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றார். அவள் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.